பாலைவனத்தில் எல்லைக்கோடு: 1922 உகைர் ஒப்பந்தங்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உகைர் எங்கே இருக்கிறது? அங்கே என்ன முடிவானது?

இன்றைய சவூதி அரேபியாவின் கிழக்குக் கரையில், ஹஸா சோலைப் பகுதிக்குத் துறைமுகமாக இருந்த சிறிய ஊர் உகைர். 1922 நவம்பர் கடைசியில் நடு அரேபியாவின் நஜ்த் பகுதியை ஆண்ட சுல்தான் இப்னு சவூதும், ஈராக்கில் பிரிட்டனின் உயர் ஆணையராக இருந்த சர் பெர்சி காக்ஸும் அங்கே கூடாரமடித்துப் பேசினார்கள். டிசம்பர் 2-ஆம் தேதி முடிவுகள் கையெழுத்தாயின. நஜ்துக்கும் ஈராக்குக்கும் ஓர் எல்லை, நஜ்துக்கும் குவைத்துக்கும் ஓர் எல்லை, இரண்டையும் ஒட்டி இரண்டு நடுநிலை மண்டலங்கள் என எல்லாம் அந்தச் சில நாட்களில் பிறந்தவை.

அதற்கு முன்பு எல்லையே கிடையாதா?

தாளில் இருந்தது. 1913 ஜூலை 29 அன்று லண்டனில் பிரிட்டனும் உதுமானியப் பேரரசும் ஓர் உடன்பாட்டில் கையெழுத்திட்டன. குவைத் நகரத்தை மையமாக வைத்து, வடக்கே கோர் ஸுபைர் வரையும் தெற்கே குரைன் வரையும் எட்டும் சிவப்பு வட்டம் ஒன்று அதில் உண்டு. அதற்குள் குவைத்தை ஆண்ட ஷேக்குக்கு முழு அதிகாரம். வெளியே பச்சைக் கோடு இன்னும் பெரிய பரப்பைச் சுற்றியது. அங்கே குவைத்துக்குக் கட்டுப்பட்ட குலங்களிடமிருந்து ஷேக் வரி வாங்கலாம். ஹஸா பகுதிக்குத் தெற்கே கிளம்பி வெற்றுப் பாலைவனமான ருப் அல்-காலி வரை இறங்கிய நீலக் கோடும் அதே உடன்பாட்டில்தான் வருகிறது.

உலகப்போர் வந்ததால் அந்த உடன்பாடு உறுதிப்படுத்தப்படவே இல்லை. அது கையெழுத்தாவதற்குச் சில வாரங்களுக்கு முன்பே, 1913-ல், இப்னு சவூத் ஹஸாவை உதுமானியரிடமிருந்து பிடித்துவிட்டார். அதாவது கையில் இல்லாத நிலத்துக்கு உதுமானியர் எல்லை பேசியிருக்கிறார்கள். 1915 டிசம்பர் 26 அன்று தாரீன் தீவில் காக்ஸும் இப்னு சவூதும் செய்துகொண்ட உடன்படிக்கை நஜ்த், ஹஸா, கதீஃப், ஜுபைல் ஆகியவை அவருக்கு உரியவை என்று ஏற்றது. எல்லைகள் பின்னர் தீர்மானிக்கப்படும் என்றும் எழுதிவைத்தது. அந்தப் ‘பின்னர்’தான் உகைர்.

நாடோடிக் குலங்கள் தங்கள் நிலத்தை எப்படி அடையாளம் கண்டன?

ஒவ்வொரு குலத்துக்கும் ‘தீரா’ உண்டு. வழிவழியாக அவர்கள் சுற்றிவரும் மேய்ச்சல் புலம் அது. அதன் அளவு பருவத்தைப் பொறுத்து விரியும், சுருங்கும். குளிர்காலத்தில் மழை பெய்து பசும்புல் தலைகாட்டினால் ஒட்டகங்கள் வாரக்கணக்கில் தண்ணீர் குடிக்காமலே மேயும். குலம் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் பரந்துபோகும். கோடையில் சில நாட்களுக்கு ஒருமுறை தண்ணீர் காட்டியாக வேண்டும் என்பதால் எல்லோரும் கிணற்றடியில் வந்து குவிவார்கள். அப்போது உரிமை என்பது பரப்பின் மேல் இல்லை, கிணற்றின் மேல்தான். யார் தோண்டியது, யார் முதலில் இறைப்பது, யார் கேட்டுவிட்டு இறைப்பது என்பதெல்லாம் எழுதாத சட்டம்.

அரிசி, பேரீச்சம்பழம், துணி வாங்க அவர்கள் ஸுபைர், ஸமாவா, குவைத் போன்ற சந்தை ஊர்களுக்கு ஆண்டுதோறும் வந்தாக வேண்டும். இந்தக் கொள்முதல் பயணத்துக்கு ‘முஸாபலா’ என்று பெயர். மேய்ச்சல் ஒரு நாட்டில், கிணறு இன்னொன்றில், சந்தை மூன்றாவதில் என்று ஆகும்படி கோடு விழுந்தால் என்னாகும் என்று யோசித்துப் பாருங்கள். பின்னால் வந்த சண்டைகளில் பெரும்பாலானவை அங்கிருந்து கிளம்பியவை.

ஸகாத் வசூலை ஏன் ஆட்சி உரிமைக்குச் சான்றாகக் காட்டினார்கள்?

ஸகாத் என்பது முஸ்லிம்கள் கட்டாயமாகச் செலுத்தும் சமயக் கொடை. நாடோடியிடம் பட்டா இல்லை, வீட்டுவரி இல்லை. அவன் யாருக்கு ஸகாத் செலுத்துகிறானோ அவரே அவனுக்கு ஆட்சியாளர் என்பது வழக்கமான வாதம். ஐந்து ஒட்டகத்துக்கு ஓர் ஆடு, இருபத்தைந்து ஆனால் ஒரு வயது நிறைந்த பெண் ஒட்டகக் கன்று என்று கணக்கு தெளிவாக இருப்பதால் வசூல் பதிவேடும் கிடைக்கும்.

ஆனால் இந்தச் சான்று வழுக்கக்கூடியது. வசூல்காரர் பலத்தோடு வந்தால் கொடுத்தார்கள், வராத ஆண்டில் கொடுக்கவில்லை. ஒரே குலம் இரண்டு பக்கமும் கொடுத்ததும் உண்டு. அதோடு, ஸகாத் ஆளோடு போகிறது, நிலத்தோடு அல்ல. குலம் இடம் பெயர்ந்தால் ‘நாடும்’ பெயர்கிறது. இப்னு சவூத் எல்லையைக் குலங்களின் அடிப்படையில் கேட்டதும், காக்ஸ் நிலத்தின் மேல் கோடாகக் கேட்டதும் இந்த வேறுபாட்டினால்தான்.

1922-ல் அவ்வளவு அவசரம் ஏன்?

இரத்தம் சிந்தத் தொடங்கியிருந்தது. 1920-ல் முதைர் குலத்தின் இக்வான்கள் (இப்னு சவூதின் தீவிர மதப்பற்றுள்ள போர்வீரர்கள்) கர்யத் அல்-உல்யாவில் குடியேறினார்கள். அது தன் எல்லைக்குள் வருகிறது என்றார் குவைத் ஷேக் சாலிம். சண்டை வளர்ந்து 1920 அக்டோபர் 10 அன்று ஃபைசல் அல்-துவைஷ் தலைமையில் இக்வான்கள் குவைத்தின் ஜஹ்ரா ஊரைத் தாக்கினார்கள். சாலிமும் அவரது ஆட்களும் அங்கிருந்த செங்கோட்டைக்குள் அடைபட்டு நின்றார்கள். பிரிட்டிஷ் தலையீட்டுக்குப் பிறகே நிலைமை தணிந்தது.

1921-ல் இப்னு சவூத் ஹாயில் நகரைப் பிடித்து அதை ஆண்ட ரஷீத் வம்சத்தை முடித்ததும், தோற்ற ஷம்மர் குலத்தவர் பலர் ஈராக்குக்குள் ஓடி, அங்கிருந்து நஜ்தைக் கொள்ளையடித்தார்கள். 1922 மார்ச்சில் இக்வான்கள் தெற்கு ஈராக்கில் அபூ காரில் அரசின் ஒட்டகப்படையைத் தாக்கினார்கள். காக்ஸ் உடனே முஹம்மராவில் (இன்றைய ஈரானின் குர்ரம்ஷஹர்) பேச்சுவார்த்தை கூட்டினார். 1922 மே 5-ல் அங்கே ஓர் உடன்படிக்கையும் கையெழுத்தானது. முன்தஃபிக், தஃபீர், அமாராத் ஆகிய குலங்கள் ஈராக்குக்கு, நஜ்தின் ஷம்மர் நஜ்துக்கு என்று அது பிரித்தது. தஃபீரும் அமாராத்தும் கைவிட்டுப் போவதை ஏற்காத இப்னு சவூத், தன் தூதர் வரம்பு மீறிவிட்டார் என்று சொல்லி அதை உறுதிப்படுத்த மறுத்தார். அந்த மறுப்பை மாற்றவே காக்ஸ் உகைருக்குக் கப்பல் ஏறினார்.

பேச்சுவார்த்தையில் யார் யார் இருந்தார்கள்?

நஜ்த் தரப்பில் இப்னு சவூத். அவருக்காகக் கையெழுத்திட்டவர் மோசூலைச் சேர்ந்த மருத்துவர் அப்துல்லா தம்லூஜி. ஈராக்குக்கு அமைச்சர் ஸபீஹ் பே. குவைத்துக்கு யார் என்று பார்த்தால் மேஜர் ஜே. சி. மோர், அங்கிருந்த பிரிட்டிஷ் அரசியல் முகவர். குவைத்தி ஒருவர்கூட மேசையில் இல்லை. இதை மனத்தில் வைத்துக்கொண்டால் முடிவு ஏன் அப்படி வந்தது என்பது பாதி புரியும். பிரிட்டிஷ் அதிகாரி ஹரால்ட் டிக்சன் காக்ஸுடன் வந்திருந்தார். எழுத்தாளர் அமீன் ரீஹானியும், ஹஸாவில் எண்ணெய் உரிமை கேட்டு அலைந்த நியூசிலாந்துக்காரர் ஃபிராங்க் ஹோம்ஸும் அப்போது அங்கே இருந்தார்கள். ஹோம்ஸுக்கு 1923-ல் உரிமை கிடைத்தது.

காக்ஸ் சிவப்புப் பென்சிலை எடுத்து ஒரே மூச்சில் கோடு போட்டார் என்பது உண்மையா?

இந்தக் காட்சி டிக்சனின் நினைவுக் குறிப்புகளிலிருந்து வருகிறது. ஐந்து நாள் பேச்சு நகரவே இல்லை. ஈராக் தரப்பு ரியாத்துக்குப் பன்னிரண்டு மைல் அருகே வரை உரிமை கோரியது. பொறுமையிழந்த காக்ஸ் இப்னு சவூதைக் கடிந்துகொண்டு, தானே எல்லையை வகுப்பதாகச் சொல்லிப் படத்தில் கோடு வரைந்தார். அன்றிரவு இப்னு சவூத் கண்கலங்கிப் பாதி ராஜ்யம் போய்விட்டதாக வருந்தினார் என்பது டிக்சன் சொல்வது. ஆனால் அந்த நூல் அச்சானது 1956-ல், நிகழ்ச்சிக்கு முப்பத்து நான்கு ஆண்டு கழித்து. இவ்வளவு விரிவாக இதைச் சொல்லும் நேரடிச் சாட்சி அவர் ஒருவரே.

பென்சில் இருந்திருக்கலாம். ‘ஒரே மூச்சு’ என்பதை நாங்கள் ஏற்கவில்லை. குவைத் எல்லையின் வளைவு 1913-ன் சிவப்பு வட்டத்திலிருந்து அப்படியே எடுக்கப்பட்டது. ஈராக் பக்கத்துக் குலப் பிரிவினை முஹம்மராவில் ஏற்கெனவே பேசப்பட்டது. எல்லை வாசகத்தில் வரும் கிணறுகளின் பெயர்கள் அந்த நிலத்தில் நடந்தவர்கள் சொன்னாலொழியத் தெரியாதவை. காக்ஸின் அழுத்தத்துக்குப் பின்னால் பணமும் இருந்தது: இப்னு சவூத் அப்போது பிரிட்டனிடம் மாதம் 5,000 பவுண்டு உதவித்தொகை பெற்றுக்கொண்டிருந்தார்.

குவைத் எவ்வளவு இழந்தது?

1913-ன் பச்சைக் கோட்டுக்குள் இருந்த பரப்பில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு. ஈராக் எல்லையில் நஜ்த் விட்டுக்கொடுத்ததற்கு ஈடு இந்தப் பக்கத்தில் தரப்பட்டது என்றே பெரும்பாலான வரலாற்றாசிரியர்கள் படிக்கிறார்கள். எங்கள் கருத்தும் அதுதான். அப்போதைய குவைத் ஆட்சியாளர் ஷேக் அஹ்மத் அல்-ஜாபிரிடம் காக்ஸ் பின்னர் நேரில் வந்து முடிவைச் சொன்னார். மறுக்கும் நிலையில் ஷேக் இல்லை.

அதோடு நிற்கவில்லை. சுங்கவரித் தகராறில் 1923 முதல் இப்னு சவூத் தன் குலங்கள் குவைத் சந்தைக்குப் போவதைத் தடுத்தார். முஸாபலா நின்றது. முத்துத் தொழிலும் நொடிந்த காலத்தில் இந்தத் தடை பத்தாண்டுக்கு மேல் நீடித்தது. நிலம் போனதைவிட இதுதான் சாதாரணக் குவைத்திக் குடும்பத்தை நேரடியாக வாட்டியது.

எல்லை வாசகத்தை எப்படிப் படிப்பது?

நஜ்த்–குவைத் எல்லையையே எடுத்துக்கொள்வோம். மேற்கே வாதி அல்-அவ்ஜா என்ற வறண்ட ஆற்றுப்படுகை, பாத்தின் என்ற பள்ளத்தோடு சேரும் இடத்தில் தொடங்குகிறது. ரகஈ கிணறு நஜ்துக்கு விடப்படுகிறது. அங்கிருந்து நேர்கோடாக 29-ஆம் அட்சரேகையையும் 1913-ன் சிவப்பு அரைவட்டத்தையும் தொடும்வரை போய், பிறகு அந்த வளைவைப் பின்பற்றி ரஅஸ் அல்-கலீஆவுக்குத் தெற்கே கரையில் முடிகிறது.

முதலில் நிலையான புள்ளிகளைத் தனியே எழுதுங்கள்: சங்கமம், அட்சரேகை, கடற்கரை. அடுத்து, ‘இன்னாருக்கு விடப்படுகிறது’ என்று வரும் ஒவ்வொரு கிணற்றுக்கும் எதிரே எந்தப் பக்கம் என்று குறியுங்கள். கோடு எங்கே போகிறது என்பதில் ஐயம் வந்தால் கிணறு எந்தப் பக்கம் என்பதுதான் தீர்க்கும். மூன்றாவதாக, வாசகம் எந்தப் படத்தைச் சுட்டுகிறது என்று பாருங்கள். இங்கே அது பத்து லட்சத்துக்கு ஒன்று என்ற அளவுப் படம். அதில் 1 மில்லிமீட்டர் நிலத்தில் 1 கிலோமீட்டர். அரை மில்லிமீட்டர் தடிமனுள்ள பென்சில் கோடு 500 மீட்டர் அகலத்தை மூடிவிடும். ஒரு கிணறு அந்தத் தடிமனுக்குள்ளேயே மறைந்துபோகலாம்.

வழக்கமாகத் தவறு நேரும் இடங்கள்: பாத்தின் பல கிலோமீட்டர் அகலமான ஆழமற்ற பள்ளம், அதில் ‘சேரும் இடம்’ ஒரு புள்ளி அல்ல. ஒரே பெயரில் இரண்டு கிணறுகள் இருக்கும். ‘தெற்கே’ என்று எழுதி எத்தனை மீட்டர் என்று எழுதாமல் விடுவார்கள். எல்லையை எழுத்தில் வரையறுப்பதும் தரையில் தூண் நடுவதும் வேறு வேறு வேலை. உகைரில் முதலாவது மட்டுமே நடந்தது.

நடுநிலை மண்டலங்கள் எதற்கு?

யாருக்கு என்று முடிவாகாத மேய்ச்சலையும் கிணறுகளையும் இருவருக்கும் பொதுவாக விட்டார்கள். ஈராக்–நஜ்த் மண்டலம் 7,044 சதுர கிலோமீட்டர், படத்தில் சாய்ந்த வைரம் போலத் தெரியும். குவைத்–நஜ்த் மண்டலம் 5,000 சதுர கிலோமீட்டருக்கு மேல். அங்கே இருவருக்கும் சம உரிமை, பிரிட்டனின் நல்லெண்ண உதவியோடு பின்னர் புதிய உடன்பாடு காணும்வரை என்பது வாசகம்.

ஒட்டகத்துக்கென வகுத்த ஏற்பாடு எண்ணெயில் போய் முட்டியது. குவைத் தன் பாதி உரிமையை 1948-ல் அமினாயில் நிறுவனத்துக்கும், சவூதி தன் பாதியை 1949-ல் கெட்டியின் நிறுவனத்துக்கும் கொடுத்தன. 1953-ல் வஃப்ராவில் எண்ணெய் கிடைத்தது. ஒரே வயலில் இரண்டு நிறுவனம், இரண்டு சட்டம். 1965 உடன்பாடு மண்டலத்தை நிர்வாகத்துக்காக இரண்டாகப் பிரித்தது, ஆனால் எண்ணெய் வளம் இன்றும் சரிபாதி பொது. குவைத்தில் வேலை பார்த்த தமிழர் பலருக்குப் பழகிய வஃப்ரா தோட்டங்களும் நுவைஸீப் சோதனைச் சாவடியும் இந்தப் பழைய மண்டலத்துக்குள் இருப்பவை. 2014–15-ல் தகராறினால் மண்டலத்தின் காஃப்ஜி, வஃப்ரா எண்ணெய் வயல்கள் இரண்டிலும் உற்பத்தி நின்றது. 2019 டிசம்பரில் சமரசம் ஏற்பட்டு மறு ஆண்டு மீண்டும் தொடங்கியது. ஈராக் பக்கத்து மண்டலத்தை 1975, 1981 உடன்பாடுகள் பிரித்து முடித்தன.

ஒப்பந்தத்தில் மிக முக்கியமான பிரிவு எது?

கோட்டைச் சொல்லும் முதல் பிரிவைத்தான் எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். ஈராக்–நஜ்த் ஒப்பந்தத்தின் இரண்டாம், மூன்றாம் பிரிவுகளே உயிர்நாடி என்பது எங்கள் உறுதியான எண்ணம். கிணறுகளில் பல ஈராக் பக்கம் போய்விட்டதால், எல்லையோர நஜ்த் குலங்கள் தங்கள் பக்கத்துக் கிணறுகளைவிட ஈராக் கிணறு அருகில் இருந்தால் அங்கே தண்ணீர் எடுப்பதை ஈராக் தடுக்கக்கூடாது என்கிறது இரண்டாம் பிரிவு. எல்லையை ஒட்டிய கிணறுகளில் கோட்டை கட்டுவது, படை குவிப்பது போன்ற இராணுவக் காரியம் எதையும் இரு தரப்பும் செய்யக்கூடாது என்கிறது மூன்றாம் பிரிவு.

எத்தனை மைல்வரை ‘எல்லையை ஒட்டி’? எழுதவில்லை. 1927-ல் ஈராக் புஸய்யா கிணற்றடியில் காவல் நிலையம் கட்டத் தொடங்கியது. எல்லையிலிருந்து பல பத்து மைல் உள்ளே இருக்கிறது, எனவே விதி பொருந்தாது என்றது ஈராக். நாடோடிக்கு அது இரண்டு மூன்று நாள் நடை, அவனுடைய கோடைக் கிணறு, எனவே மீறல்தான் என்றது நஜ்த். அந்த நவம்பரில் முதைர் இக்வான்கள் புகுந்து அங்கிருந்த வேலையாட்களையும் காவலர்களையும் கொன்றார்கள். பிரிட்டிஷ் விமானங்கள் நஜ்துக்குள் புகுந்து குண்டு வீசின. 1928-ல் ஜித்தாவில் பிரிட்டிஷ் தூதர் கில்பர்ட் கிளேட்டன் இரண்டு முறை பேசியும் முடிவு வரவில்லை. கோட்டைகளைத் தடுக்க முடியாத மன்னர் என்று இக்வான்கள் இப்னு சவூதின் மேலேயே திரும்பினார்கள். 1929 மார்ச்சில் ஸபிலாவில் அவர் தன் பழைய வீரர்களையே முறியடிக்க வேண்டியதாயிற்று. 1930 பிப்ரவரியில் வளைகுடாவில் பிரிட்டிஷ் கப்பல் லூப்பினில் அவரும் ஈராக் மன்னர் ஃபைசலும் நேரில் சந்தித்த பிறகுதான் இந்தப் பக்கம் ஓய்ந்தது. ‘ஒட்டி’ என்ற சொல்லுக்குப் பதிலாக ஓர் எண்ணை எழுதியிருந்தால் புஸய்யாவில் சிலர் உயிரோடு இருந்திருப்பார்கள்.

பஹ்ரா, ஹத்தா உடன்பாடுகள் எதைச் சேர்த்தன?

1925 நவம்பர் 1, 2 தேதிகளில், ஜித்தா முற்றுகை நடந்துகொண்டிருந்தபோது, கிளேட்டன் இப்னு சவூதின் முகாமில் இரண்டையும் முடித்தார். பஹ்ரா ஈராக்குக்கானது: எல்லை தாண்டிய கொள்ளை என்பது ஆக்கிரமிப்பு, குலத் தலைவரே பொறுப்பு, வழக்குகளை இரு தரப்பும் சம எண்ணிக்கையில் அமரும் தீர்ப்பாயம் விசாரிக்கும். ஹத்தா டிரான்ஸ்ஜோர்டானுக்கானது (இன்றைய ஜோர்டான்): காஃப் கிராமமும் வாதி ஸிர்ஹானின் பெரும்பகுதியும் நஜ்துக்குப் போயின. ஆனால் ஈராக்கும் டிரான்ஸ்ஜோர்டானும் தொட்டுக்கொள்ளும்படி ஒரு நிலத்துண்டை பிரிட்டன் விடாமல் வைத்துக்கொண்டது. அதனால் சிரியாவோடு நேரடி எல்லை வேண்டும் என்ற இப்னு சவூதின் விருப்பம் நிறைவேறவில்லை. ஈடாக நஜ்த் வணிகர்கள் சிரியாவுக்குத் தடையின்றிக் கடந்துபோகும் உரிமை எழுதப்பட்டது.

ஜோர்டான் எல்லையின் கூர்முனை, சர்ச்சில் கோடு வரையும்போது விக்கியதால் வந்ததாமே?

இல்லை. அந்தக் கூர்முனை வாதி ஸிர்ஹானை யார் வைத்துக்கொள்வது என்று 1925-ல் நடந்த பேரத்தின் தடம். சோலையும் வணிகப்பாதையும் உள்ள அந்தப் பள்ளத்தாக்கைச் சுற்றிக்கொண்டு கோடு உள்ளே மடிகிறது. அப்போது சர்ச்சில் பிரிட்டனின் குடியேற்ற நாடுகளுக்கான அமைச்சராகவே இல்லை.

தெற்கே என்ன ஆனது?

அது தனிக் கதை. 1935 ஏப்ரலில் ஃபுஆத் ஹம்ஸா சவூதியின் கோட்டை முன்வைத்தார். அதே நவம்பரில் சர் ஆண்ட்ரூ ரயன் பிரிட்டனின் கோட்டை வைத்தார். இடையில் விழுந்த நிலம் முடிவாகாமல் கிடந்து, 1950-களில் புரைமி சோலை பற்றிய தகராறாக வெடித்தது. அங்கேயும் முக்கியச் சான்று ஸகாத் பதிவேடுகளே. அபுதாபிப் பக்கம் 1974-ல் ஜித்தாவில் உடன்படிக்கை ஆனது.

ஈராக்–குவைத் எல்லைக்கும் உகைருக்கும் தொடர்பு உண்டா?

நேரடியாக இல்லை, ஆனால் வழிமுறை ஒன்றே. 1923 ஏப்ரலில் காக்ஸ் மோருக்கு எழுதிய கடிதம் 1913-ன் பச்சைக் கோட்டையே குவைத்தின் வடக்கு எல்லையாக ஏற்றது. 1932-ல் ஈராக் பிரதமர் நூரி அஸ்-ஸயீதும் ஷேக் அஹ்மதும் கடிதம் மாற்றிக்கொண்டு அதை உறுதி செய்தார்கள். எல்லை ‘ஸஃப்வானின் தெற்கே’ (ஈராக்கின் எல்லையோர ஊர்) போகிறது என்பது வாசகம். எவ்வளவு தெற்கே என்பதற்கு அடையாளம், சாலையோரம் நட்ட ஒரு பலகை. அது 1939-ல் பிடுங்கப்பட்டது. மீண்டும் நட்டபோது சரியான இடம் எது என்று சண்டை வந்தது, பேரீச்ச மரங்களிலிருந்து அளப்பதா என்றால் மரங்களும் வளர்ந்து பரவியிருந்தன. 1991 போருக்குப் பிறகு ஐ.நா. ஆணையம் பழைய சுங்கச்சாவடிச் சுற்றுச்சுவரின் தென்மேற்கு மூலையிலிருந்து பழைய சாலை வழியாக 1,430 மீட்டர் என்று அளந்து புள்ளியை நிறுத்தியது. ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டருக்கு ஒன்று வீதம் தூண்கள் நடப்பட்டன. 1993 மே 27-ல் பாதுகாப்பு மன்றம் 833-ஆம் தீர்மானத்தால் அதை இறுதி என்று அறிவித்தது.